சி கம்பைலர் எரர்: புதியவர்கள் தடுமாறும் இடங்கள்

பத்து வரி சி ப்ரோகிராமை ஜிசிசி என்ற கம்பைலரில் (நாம் எழுதும் கோடைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) கம்பைல் செய்தால், சில சமயம் முப்பது வரிக்கு எரர் வந்து கொட்டும். டெர்மினல் கீழே ஓடிவிடுவதால் கண்ணில் முதலில் படுவது கடைசி எரர். அதைத் திருத்தப் போனால் நல்லா இருந்த வரியும் கெடும். ஒரே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் அதற்குப் பின்னால் வரும் சரியான வரிகள் எல்லாம் கம்பைலருக்குத் தப்பாகத்தான் தெரியும். மேலே போய் முதல் எரரை மட்டும் சரிசெய்து, மறுபடி கம்பைல் செய்யுங்கள். பாதி தானாகவே மறைந்துவிடும்.

எரரில் வரும் வரி எண், கம்பைலருக்குச் சந்தேகம் வந்த இடம். தவறு அதற்கு மேலேயும் இருக்கலாம். 11-ஆம் வரியில் செமிகோலன் இல்லையென்றால், வரி முடிந்தது என்பதே அதற்குத் தெரியாது. 12-இல் உள்ள ‘ரிட்டர்ன்’-ஐப் பார்த்த பிறகுதான் விழிக்கும். புதிய ஜிசிசி 11-ஆம் வரியின் முனையையே காட்டிவிடுகிறது; பழைய பதிப்பு போட்ட லேப் கம்ப்யூட்டரில் அந்தச் சலுகை கிடையாது. } போட்டு மூடாமல் விட்டால் ஃபைலின் கடைசி வரியைக் காட்டி ‘எண்ட் ஆஃப் இன்புட்’ என்று சொல்லும். அங்கே தேடிப் பயனில்லை.

பிடிஎஃப்-இலிருந்தோ வேர்டிலிருந்தோ காப்பி செய்த கோடில் ‘ஸ்ட்ரே \342’, ‘\200’, ‘\234’ என்று வரிசையாக எரர் வந்தால், காரணம் “ என்ற வளைந்த மேற்கோள்குறி. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்; பழைய ஜிசிசி பைட்டுக்கு ஒன்றாக மூன்று எரர் போடும். ‘\302’, ‘\240’ என்றால் சாதாரண இடைவெளி மாதிரியே தெரியும் வேறொரு இடைவெளி நுழைந்திருக்கிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் அடிப்பதுதான் சீக்கிரம்.

வார்னிங்தானே என்று விடுவது இன்னொரு தவறு. உள்ளீட்டை வாங்கும் ‘ஸ்கேன்எஃப்’-இல் மாறிக்கு முன் & விட்டுப்போனால் கம்பைல் ஆகிவிடும், ஓட்டும்போது பெரும்பாலும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று விழும். எப்போதும் கட்டளையில் ‘-டபிள்யூஆல்’ (வார்னிங்குகளைக் காட்டச் சொல்வது) போட்டே கம்பைல் செய்யுங்கள். அதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. ஆனால் கம்பைலர் தரும் யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது. ‘இஃப்’-க்குள் ஒப்பிடும் == போட வேண்டிய இடத்தில் மதிப்பை வைக்கும் = போட்டால், சுற்றி இன்னொரு அடைப்புக்குறி போடச் சொல்லும். போட்டால் வார்னிங் போய்விடும், தவறு அப்படியே இருக்கும்.

‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’ என்று வந்தால் கோடின் இலக்கணத்தில் குறை தேட வேண்டாம். கம்பைல் முடிந்துவிட்டது, தடுப்பது லிங்கர், அதாவது கம்பைல் ஆன கோடையும் நூலகங்களையும் இணைக்கும் நிரல். லினக்ஸில் ‘ஸ்குவேர் ரூட்’ ஃபங்ஷனுக்குள் 16 என்று எண்ணையே கொடுத்தால் வேலை செய்யும், எக்ஸ் என்று மாறியைக் கொடுத்தால் இந்த எரர் வரும். எண்ணாக இருந்தால் ஜிசிசி-யே விடையைக் கணக்கிட்டு வைத்துவிடும், நூலகம் தேவைப்படாது. மாறி என்றால் கணித நூலகம் வேண்டும்: கட்டளையில் ஃபைல் பெயருக்குப் பிறகு ‘-எல்எம்’ சேருங்கள், முன்னால் போட்டால் பல இடங்களில் எடுபடாது. ‘மெயின்’ என்ற பெயருக்கே இந்த எரர் வந்தால், எழுத்துப்பிழையைப் பாருங்கள், முதல் எழுத்தைப் பெரியதாக அடித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், எடிட்டரில் ஃபைலை சேவ் செய்தீர்களா?