பொம்மைத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே நுரை அம்பு செய்யும் முறை

டிசம்பர் விடுமுறைக்கு அக்காள் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தால், இரண்டே நாளில் பொம்மைத் துப்பாக்கியின் அம்புகளில் பாதி கூரைக்கும் மீதி பக்கத்து வீட்டு நாய்க்கும் போய்விடும். நுரை அம்பைச் செய்து பழக நான் தொடங்கியது அப்படித்தான். கடையில் கிடைக்கும், நெர்ஃப் என்ற பொம்மைத் துப்பாக்கி பிராண்டின் எலைட் வகை அம்பு 72 மில்லிமீட்டர் நீளமும், ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் விட்டமும், சுமார் 1 கிராம் எடையும் கொண்டது. நாம் செய்வதும் இந்த அளவை ஒட்டியே இருக்க வேண்டும்.

கான்கிரீட் தளங்களுக்கு இடையே விடும் இடைவெளியில், சீலன்ட் என்னும் அடைப்புப் பசை பூசுவதற்கு முன் திணிக்கும் பாலிஎத்திலீன் நுரைக் கயிறுதான் மூலப்பொருள். டர்பன் ஹார்டுவேர் கடைகளில் 'பேக்கிங் கார்டு' என்று கேளுங்கள். "எதற்கு?" என்று கடைக்காரர் கேட்டபோது "துப்பாக்கிக்கு" என்று மட்டும் சொல்லி, அவர் முகம் மாறிய பிறகே 'பொம்மை' என்ற சொல்லைச் சேர்த்தவன் நான். பழைய அம்பு ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். கயிறு தடித்திருந்தால் குழலில் சிக்கிக்கொள்ளும். மெலிந்திருந்தால் காற்று பக்கவாட்டில் கசிந்து அம்பு காலடியிலேயே விழும். இதைத் தவிர 4 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான வாஷர்கள், நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் துண்டுகள், குறைந்த வெப்பப் பசைத் துப்பாக்கி, புதிய பிளேடு ஆகியவை போதும்.

முதல் வேலை கயிற்றை நேராக்குவது. சுருளாகவே விற்கப்படுவதால் அதன் வளைவு அம்பிலும் தங்கிவிடும். ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டி, கீழ்முனையில் இலேசான எடை கட்டி, வராந்தாவில் ஓரிரவு தொங்கவிடுங்கள். அவசரமானால் தலைமுடி உலர்த்தியைக் கொண்டு இளஞ்சூட்டில் வாட்டி, ஆறும்வரை நேராகப் பிடித்திருக்கலாம். பலரும் இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு துப்பாக்கியைக் குறை சொல்கிறார்கள்.

வெட்டும்போது பிளேடை அழுத்தினால் நுரை நசுங்கி, வெட்டுமுகம் சாய்ந்துவிடும். மேசைமேல் கயிற்றை மெல்ல உருட்டியபடியே வெட்டுங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. துப்பாக்கிக் குழலினுள் சிறு முளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அம்பின் பின்புறத்தில் அது நுழையும் அளவுக்குத் துளை வேண்டும். பழைய ரேடியோ ஆன்டெனாவின் குழாய்த்துண்டை நுரையின் நடுவில் வைத்துத் திருகினால், துளை சுத்தமாக வரும்.

அடுத்து முனை, அம்பு பறப்பதும் புரள்வதும் இங்கேதான் தீர்மானமாகிறது. எடை முன்புறம் இருந்தால்தான் அம்பு தலையை முன்வைத்துச் செல்லும். வெறும் நுரை காற்றில் குட்டிக்கரணம் போடும். வாஷரின் வெளிவிட்டம் 9 மில்லிமீட்டர் என்பதால், நுரையின் நடுவில் வைத்தால் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் ஓரம் மிஞ்சும். பாலிஎத்திலீன் நுரை ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸில் உருகுவது. பசையோ அதைவிடச் சூடாக வெளிவருவது. எனவே பசையை நுரையில் நேரடியாக இடாமல் வாஷரின்மேல் ஒரு சொட்டு இட்டு, ஐந்து எண்ணி, பிறகு நுரையில் பதியுங்கள். உலோகம் சூட்டை வாங்கிக்கொள்ளும். நடுவில் மின்வெட்டு வந்தால் அந்தச் சொட்டைப் பிய்த்தெறிந்து மறுபடி தொடங்குவதே நல்லது. அரைகுறையாக ஒட்டிய வாஷர் முதல் வீச்சிலேயே கழன்று பறக்கும்.

வாஷரின் மேல் 13 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டிய ஃபெல்ட்டை வைத்து, ஓரம் முழுவதும் பசை படுமாறு ஒட்டுங்கள். உலோகம் எங்கும் வெளியே தெரியக் கூடாது. விரலால் அழுத்தும்போது விளிம்பு உறுத்துகிற அம்பைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மெத்தென்ற அம்பானாலும் முகத்துக்குக் குறிவைக்கக் கூடாது; விளையாடும் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

பசை நன்கு ஆறிய பிறகு, கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, ஐந்தடி தூரத்திலிருந்து எய்து பாருங்கள். அம்பு புரண்டால் எடை போதவில்லை. எப்போதும் ஒரே பக்கமாக விலகினால், வாஷர் நடுவில் இல்லை அல்லது நுரை வளைந்திருக்கிறது. சுழலும் சக்கரங்களால் எய்யும் துப்பாக்கிகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம். முனை சிறிது அகன்றாலும் அவற்றில் சிக்கும். ஸ்பிரிங் வகைக்கே இது ஏற்றது.

செய்த அம்புகளைத் தகர டப்பாவில் நிறுத்தி வையுங்கள். ஜனவரி வெயிலில் காரின் பின்பெட்டியில் இரண்டு நாள் விட்டுவைத்த எனது முதல் இருபது அம்புகளும் வாழைப்பழம்போல் வளைந்திருந்தன.