நவம்பரில் புடாபெஸ்ட் போகிறீர்களா?

நவம்பர் கடைசியில் அங்கே மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அதனால் மலை ஏறுவது, கோட்டை பார்ப்பதெல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகுதான் இந்த ஊர் இன்னும் அழகு!

செச்செனி வெந்நீர்க் குளியலைத் தவறவே விடாதீர்கள். 1913-இல் திறந்த இடம். 1896-இல் ஓடத் தொடங்கிய மஞ்சள் மெட்ரோ அதன் வாசலிலேயே இறக்கிவிடும். குளிர் ஏற ஏறத்தான் வெளிக்குளத்துக்கு மவுசு. தலைக்கு மேல் ஊசிக் குளிர், கழுத்துக்குக் கீழே இதமான வெந்நீர், எதிரே இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி. துண்டும் ரப்பர் செருப்பும் கையோடு கொண்டுபோங்கள். குளத்திலிருந்து கட்டடம் வரை ஈரத்தோடு நடக்கும் அந்தச் சில அடிகள்தான் சோதனை. துண்டைக் குளக்கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 2-ஆம் எண் டிராம். யாசாய் மாரி சதுக்கத்தில் ஏறி, தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். டான்யூப் நதி, பாலங்கள், எதிர்க்கரையில் விளக்கொளியில் அரண்மனை எல்லாம் சாதாரண டிராம் டிக்கெட்டிலேயே பார்த்துவிடலாம். படகுச் சவாரிக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

நவம்பர் பாதிக்கு மேல் வரஸ்மார்ட்டி சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிடும். சுடச்சுட வறுத்த செஸ்ட்நட் வாங்கிக் கொறியுங்கள். சாப்பாட்டு விலை அங்கே கொஞ்சம் அதிகம்தான், வயிற்றை வேறு இடத்தில் நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

நவம்பர் 1 அரசு விடுமுறை. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தேவையானதை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.