சோகோபன்: பெட்டியைத் தள்ளுவதற்கு முன்

ஜப்பானைச் சேர்ந்த ஹிரோயுகி இமபயாஷி 1981இல் உருவாக்கி, மறு ஆண்டில் அவருடைய திங்கிங் ராபிட் நிறுவனம் வெளியிட்ட சோகோபன் என்னும் கணினிப் புதிர் விளையாட்டின் விதிகள் மிகச் சில. கிடங்கில் சிதறிக் கிடக்கும் பெட்டிகளைக் குறித்த இடங்களில் சேர்க்க வேண்டும். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ள முடியும். எதிரி இல்லை, நேரக்கெடுவும் இல்லை. ஆனாலும் கணினிகளுக்கே இது எளிதல்ல என்பதை 1997இல் கணினி அறிஞர் ஜோசப் கல்பர்சன் கணித முறைப்படி நிறுவினார். மனிதருக்கு உள்ள தொல்லை வேறு: ஆட்டம் கெட்டுப்போன பிறகும் அது கெட்டுவிட்டது என்று திரை பெரும்பாலும் சொல்வதில்லை. ஐந்தாவது தள்ளலில் தோற்றவர், அது தெரியாமல் இன்னும் நூறு அடி நடந்துகொண்டிருப்பார்.

இன்று ஆடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எக்ஸ்சோகோபன் என்ற 90 நிலைகள் கொண்ட தொகுப்பைத் திறந்து, முதல் நிலையிலேயே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அந்த முதல் நிலையில் ஆறு பெட்டிகள் உள்ளன. தேர்ந்தவர்களுக்கே அதை முடிக்க 97 தள்ளல்கள் தேவைப்படுகின்றன. அது பழகும் இடமல்ல. டேவிட் ஸ்கின்னர் அமைத்த மைக்ரோபன் தொகுப்பிலிருந்து தொடங்குவதே நல்லது: நிலைகள் சிறியவை, ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே ஒரு நுணுக்கத்தைக் கற்றுத்தரும். விண்டோஸில் சோகோபன் யாஸ்க், ஜாவா உள்ள எந்தக் கணினியிலும் ஜேசோகோ என இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. நிலைகள் வெறும் எழுத்துக்கோப்புகளாக இருப்பதால் அவற்றை வெட்டி ஒட்டியே சேர்த்துக்கொள்ளலாம்.

விசையைத் தொடுவதற்கு முன், எந்தக் கட்டங்களில் பெட்டி போனால் திரும்பாது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலக்கு இல்லாத மூலை அப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் உடனே விளங்கும். சுவரோரம் அவ்வளவு எளிதில் விளங்காது: நீண்ட சுவரை ஒட்டிப்போன பெட்டி அந்தச் சுவரின் வழியாக மட்டுமே நகரும் என்பதால், அந்த வரிசையில் இலக்கோ சுவரில் இடைவெளியோ இல்லையென்றால் அந்தப் பெட்டி போனது போனதுதான். சுவரோரம் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெட்டிகளும், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாய் நெருங்கிவிட்ட நான்கு பெட்டிகளும் இனி அசையா. அவை எல்லாமே இலக்கின் மேல் நின்றாலொழிய ஆட்டம் முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மைக்ரோபனின் முதல் நிலையையே எடுத்துக்கொள்வோம்.

####
#-.#
#--###
#*@--#
#--$-#
#--###
####

இதில் # சுவர், - வெறுந்தரை, $ பெட்டி, . இலக்கு, * இலக்கிலேயே நிற்கும் பெட்டி, @ நீங்கள். வலப்பக்கப் பெட்டியின் கீழே சுவர் இருப்பதால் அதை மேலே தள்ள வழியில்லை. வலப்புறம் தள்ளினால் மூலையில் சிக்கும். ஆகவே அதை இடப்புறம் ஒரு கட்டம் தள்ளி, பிறகு அதன் கீழே போய் நின்று மேல்நோக்கித் தள்ள வேண்டும். ஆனால் கீழே போகும் வழியை, ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கும் மற்ற பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. எனவே முதல் வேலை, அந்தப் பெட்டியை அதன் இலக்கிலிருந்து ஒரு கட்டம் மேலே நகர்த்துவதுதான். புதியவர்களுக்கு இதற்கு மனம் வராது.

இப்போது வலப்பக்கப் பெட்டியை இடப்புறம் ஒரு முறையும், கீழிருந்து மேலே ஒரு முறையும் தள்ளிவிட்டால், அதற்கும் மேலே உள்ள இலக்குக்கும் இடையே தடை ஏதுமில்லை. இங்கேதான் கை முந்துகிறது. நேரே தள்ளிவிட்டால் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து மேல் இடது மூலைக் கட்டத்தை அடைத்துவிடும். அங்கே போய் நின்றால்தான் இடப்பக்கப் பெட்டியைக் கீழே தள்ள முடியும் என்பதால் ஆட்டம் அங்கேயே கெட்டது. மாறாக, இப்போது நடுவில் நிற்கும் அந்த வலப்பக்கப் பெட்டியை வலப்புறம் ஒரு கட்டம் ஒதுக்கிவையுங்கள். மேலே ஏறி மற்றப் பெட்டியை அதன் இலக்குக்கு இறக்குங்கள். பிறகு வலப்புறமாகச் சுற்றி வந்து, ஒதுக்கிய பெட்டியை இடப்புறம் திருப்பி, கீழிருந்து மேலே இரண்டு முறை தள்ளினால் போதும். மொத்தம் 33 அடிகள், அவற்றில் எட்டே தள்ளல்கள்.

பெரிய நிலைகளில் இப்படி முன்னோக்கி எண்ணிக்கொண்டு போக முடியாது. முடிவிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். எல்லாப் பெட்டிகளும் இலக்கில் நிற்பதாகக் கொண்டு, கடைசியாக வந்தது எதுவாக இருக்க முடியும், அது எந்த வாசல் வழியே வந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டால் நிரப்பும் வரிசை தானே தெளியும். வாசலுக்கு மிகத் தொலைவில், உட்புறமாக உள்ள இலக்குகள் பெரும்பாலும் முதலில் நிரம்ப வேண்டியவை. யாஸ்க்கில் பெட்டிகளை இழுத்துப் பார்க்கும் தலைகீழ் ஆட்டமே உண்டு. அதைப் பயன்படுத்துவதை ஏமாற்று வேலை என்று நான் கருதவில்லை.

வைத்த அடியைத் திரும்பப் பெறும் அன்டூ வசதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிக்கிக்கொண்டதும் நான்கைந்து அடி பின்வாங்கி வேறு திசையில் முயல்வதால் பயன் குறைவு, ஏனெனில் கெடுத்த தள்ளல் பெரும்பாலும் அதற்கு வெகு முன்னால் நடந்திருக்கும். அசைய முடியாமல் நிற்கும் பெட்டி எது என்று முதலில் கண்டுபிடித்து, அது அந்தக் கட்டத்துக்கு வந்த தள்ளல்வரை பின்னே போங்கள். அங்கிருந்து அதற்கு வேறு ஒதுக்கிடம் உண்டா என்று தேடுங்கள். அடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதை அந்த நிலையை ஒருமுறை முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.