லினக்ஸ் மின்ட்: போடும்போதும் பங்களிக்கும்போதும் சறுக்கும் இடங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை விண்டோஸ் 11 ஏற்காததால், ‘லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்ப்போம்’ என்று இறங்கியவர்கள் பலர். நல்ல தேர்வுதான். 2006-இலிருந்து வரும் மின்ட் ஓர் இலவச இயங்குதளம்; புதியவர் கையில் கொடுத்தாலும் அதிகம் அடம்பிடிக்காது. ஆனால் அது தனிமரம் இல்லை. அடியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் அதிலிருந்து உருவான உபுண்டு, அதற்கும் மேலே சின்னமன் டெஸ்க்டாப்போடும் (திரையில் தெரியும் பேனல், மெனு எல்லாம்) சொந்தக் கருவிகளோடும் மின்ட். எந்தச் சங்கதி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பார்க்காமல் கைவைப்பதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன. பிழையைத் தெரிவிக்கவோ மொழிபெயர்க்கவோ வரும்போதும் இதே கதைதான்.

பென்டிரைவில் தொடங்கும் தவறுகள்

ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் கணினி அதிலிருந்து கிளம்பாது. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் தாராளம். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் கோப்பைச் சரிபார்க்கும் வேலையை அநேகமாக எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் சுட்டியை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்துக்குள்ளேயே நுழைந்தவனுக்கு அங்கே எழுதியிருக்கும் செக்சம் எண்ணை (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிடும் எண்) மாற்றுவது பெரிய வேலையில்லை. அதனால் செக்சம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. செக்சம் கோப்போடு தரப்படும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்த்தால்தான் அந்த எண்ணை மின்ட் குழுவே வெளியிட்டது என்பது உறுதியாகும்.

பென்டிரைவிலிருந்து கிளம்பியதும் ‘இன்ஸ்டால்’ ஐகானைத் தட்ட அவசரப்படாதீர்கள். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் இந்த லைவ் அமர்விலேயே வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா என்பதையெல்லாம் பாருங்கள். இங்கே வேலை செய்யாதது, நிறுவிய பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். நிறுவியில் டிஸ்கே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் பயாஸில் (கணினி கிளம்பும்போதே திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க்குக்கு இன்டெல் ஆர்எஸ்டி முறை போடப்பட்டிருக்கும். அதை ஏஹெச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸையும் வைத்திருப்பவர் யோசிக்காமல் இதை மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் போகும். விண்டோஸை முதலில் தயார்படுத்திக்கொண்டுதான் தொட வேண்டும்.

டிஸ்கைத் தொடும் முன்

‘சி டிரைவ்தானே போகும், போட்டோவெல்லாம் டி டிரைவில் இருக்கிறதே’ என்பது விண்டோஸை மறுபடி மறுபடி ஃபார்மட் செய்து பழகிய கணக்கு. மின்ட் நிறுவியில் ‘டிஸ்கை அழித்து நிறுவு’ என்ற தேர்வு முழு டிஸ்கையும் துடைக்கும். சி, டி, இ, லேப்டாப் கம்பெனி வைத்த ரெகவரி பகுதி என்று எதுவும் மிஞ்சாது. இரண்டும் வேண்டுமென்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி-யைச் சுருக்கி, கிடைத்த இடத்தைப் பெயரிடாமல், ஃபார்மட் செய்யாமல் காலியாக விடுங்கள். அதிகாரப்பூர்வக் குறைந்தபட்சம் 20 ஜிபி. பரிந்துரை 100 ஜிபி. 20-ல் போட்டால் ஏன் மூச்சுமுட்டும் என்பதைக் கீழே, கணினி அமைப்பைப் படமெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவி பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால், விண்டோஸின் டிஸ்க் குறியாக்கக் கருவியான பிட்லாக்கர். பல லேப்டாப்களில் வாங்கியவருக்கே தெரியாமல் டிஸ்க் குறியாக்கம் ஓடிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் அமைப்பு) மாற்றினாலோ பார்டிஷனை (டிஸ்கின் பிரிவு) அசைத்தாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. பாதி ஹைபர்னேஷனில் உறங்குகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் உண்மையில் முழுதாக மூடுகிறது, விசித்திரம்தான். அந்த அரைத்தூக்கத்தில் இருக்கும் பார்டிஷனை மின்ட் படிக்க மட்டுமே திறக்கும். ‘பெர்மிஷன் இல்லை என்கிறது, என்ன கட்டளை போட?’ என்று கேட்டு வலுக்கட்டாயமாக எழுத வைப்பவர்கள் கோப்புகளை இழக்கிறார்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்தால் விஷயம் முடிந்தது.

நிறுவும்போது பாட்டு, வீடியோ ஓட்ட உதவும் மல்டிமீடியா கோடெக்குகளைத் தேர்ந்தெடுத்தால், செக்யூர் பூட் உள்ள கணினியில் ஒரு பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். பழைய நினைவில் பதற வேண்டாம். ‘என்ரோல் மோக்’ (சாவியைப் பதிவுசெய்) தேர்ந்து அந்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிய இடம் அது. சில நொடிகள் சும்மா இருந்தால் தானே கடந்து போய்விடும். பிறகு என்விடியா டிரைவர் போட்டும் ஏறவில்லையே என்று தலையைச் சொறிய நேரிடும்.

விண்டோஸும் மின்ட்டும் ஒரே கணினியில் இருக்கும் இரட்டை பூட்டில் சிலருக்கு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. பேட்டரி செல்லை மாற்றத் தேவையில்லை.

பதிப்புப் பெயரும் பாதை தவறும் நிரல்களும்

மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி இறக்கும் விண்டோஸ் பழக்கம்தான் மின்ட்டை அதிகம் கெடுக்கிறது. முதலில் சாஃப்ட்வேர் மேனேஜர்; அங்கே பழைய பதிப்பு மட்டும் இருந்தால் அதே மேனேஜரில், தேவையானதைத் தன்னோடு கொண்டுவரும் ஃப்ளாட்பேக் வடிவம்; கடைசியாகத்தான் நிறுவனத்தின் சொந்த டெப் கோப்பு (நிறுவல் தொகுப்பு) அல்லது பிபிஏ (தனிநபரோ குழுவோ உபுண்டுவுக்காக நடத்தும் மென்பொருள் மூலம்). சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பேக்குகளை மின்ட் 22 இயல்பாக மறைத்து வைக்கிறது. தெரியாமல் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். உபுண்டுவுக்கான குறிப்பில், அதன் சொந்தத் தொகுப்பு வடிவமான ‘ஸ்னாப்’ என்று வந்தால், மின்ட் 20 முதல் அது தடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அது பழுது அல்ல, வேண்டுமென்றே எடுத்த முடிவு.

அடுக்கு குழம்புவது இங்கேதான். மின்ட் 22-ன் பெயர் வில்மா, 22.1 சியா, 22.2 சாரா, மூன்றுக்கும் அடித்தளம் உபுண்டு 24.04, அதன் பெயர் நோபிள். உபுண்டுவுக்காக எழுதிய பல நிறுவல் குறிப்புகள் ‘இந்தக் கணினியின் பதிப்புப் பெயர் என்ன’ என்று கேட்டு, வரும் விடையை மென்பொருள் மூலத்தின் முகவரியில் ஒட்டிவிடும். மின்ட்டில் அந்தக் கேள்விக்கு ‘வில்மா’ என்று பதில் வரும். அந்த சர்வரில் வில்மா என்று ஒரு கோப்புறையே கிடையாது, 404 பிழை. அதற்கப்புறம் அப்டேட் மேனேஜர் ஒவ்வொரு முறையும் முனகும். சாஃப்ட்வேர் சோர்சஸ் திறந்து, அந்த வரியில் வில்மாவை நோபிள் என்று திருத்தினால் போதும். மின்ட் 21 வரிசை என்றால் ஜாமி. டெபியன் மேல் நேரடியாக நிற்கும் எல்எம்டிஇ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு உபுண்டு பிபிஏக்கள் பொருந்தவே பொருந்தாது.

டெபியனுக்கான மூலங்களையும் உபுண்டுவின் வேறு பதிப்புக்கான டெப்களையும் ஒரே கணினியில் கலந்தால் அடிப்படை நூலகங்கள் மோதும். டெபியன்காரர்கள் இந்தக் கலவைக்கு ஃப்ராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கலந்தாகிவிட்டதென்றால், சாஃப்ட்வேர் சோர்சஸில் அந்நிய மூலத்தை நீக்கி, ‘மெயின்டனன்ஸ்’ தாவலில் அந்நியத் தொகுப்புகளைப் பழைய பதிப்புக்கு இறக்கும் பொத்தானை அழுத்துங்கள். மூலத்தை மட்டும் நீக்கினால் அது கொண்டுவந்து வைத்த தொகுப்புகள் அப்படியே தங்கிவிடும். பெரிய மேம்படுத்தலின்போது அவைதான் வழிமறிக்கும்.

டெர்மினலில் எதையாவது நீக்கும்போது ‘இவையும் போகும்’ என்று நீளும் பட்டியலைப் படியுங்கள். அதில் சின்னமன் என்ற பெயர் தென்பட்டால் எஸ் சொல்லாதீர்கள்.

மேம்படுத்தலிலும் இரண்டு வகை. 22-லிருந்து 22.1 என்றால் அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவிலேயே வழி இருக்கிறது. 21-லிருந்து 22 போக மின்ட்அப்கிரேட் கருவி வேண்டும், அதுவும் முதலில் 21.3-க்கு வந்த பிறகே. இப்போதிருப்பது நன்றாக ஓடுகிறது, ஆதரவும் இருக்கிறது என்றால் அவசரமே இல்லை: 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

டைம்ஷிஃப்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

டைம்ஷிஃப்ட் எடுப்பது கணினி அமைப்பின் படம். உங்கள் ஹோம் கோப்புறை இயல்பாக அதில் சேராது. ‘டைம்ஷிஃப்ட் ஓடுகிறது, போட்டோ பத்திரம்’ என்று இருந்தவர்கள் டிஸ்க் போன அன்றுதான் உண்மையைத் தெரிந்துகொள்கிறார்கள். சரி, ஹோமையும் சேர்த்துவிடுவோம் என்றால் அதுவும் தப்பு. திங்கட்கிழமைப் படத்துக்கு மீட்டால், செவ்வாய்க்கிழமை எழுதிய கடிதமும் காணாமல் போகும். ஆவணங்களுக்குத் தனியாக வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

டைம்ஷிஃப்டின் ஆர்சிங்க் முறையில் முதல் படம் அமைப்பு முழுக்க நகல் என்பதால் பல ஜிபி பிடிக்கும். அடுத்தடுத்தவை மாறிய கோப்புகளை மட்டுமே புதிதாக வைத்து மற்றதைப் பழையதோடு இணைத்துக்கொள்ளும். ஆனாலும் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அப்டேட், ஃப்ளாட்பேக் என்று குவியக் குவிய, மின்ட் இருக்கும் 20 ஜிபி ரூட் பார்டிஷன் நிறைந்துவிடும். அப்போது தெரியும் அறிகுறி வேடிக்கையானது: பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தாலும் உள்ளே போகாமல் மறுபடி லாகின் திரைக்கே வரும். பாஸ்வேர்டு மறந்துவிட்டோமோ என்று மறுநிறுவலுக்குப் போகாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி, உரைத்திரையில் லாகின் செய்து, டைம்ஷிஃப்டின் நீக்கும் கட்டளையால் பழைய படம் ஒன்றிரண்டை அகற்றினால் திறந்துவிடும். தினசரி இரண்டு, பூட் இரண்டு என்று வைத்தால் வீட்டுக் கணினிக்குப் போதும். வெளி டிஸ்க்கில் வைப்பதென்றால் அது எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவில் இருக்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவை டைம்ஷிஃப்ட் ஏற்காது.

தமிழ்த் தட்டச்சில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் ஏற்றிவிட்டு எது ஓடுகிறது என்று தெரியாமல் திண்டாட வேண்டாம், ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். லாக் அவுட் செய்து திரும்பினால்தான் அது உயிர்பெறும். தமிழ்99 மட்டும் போதுமென்றால் கீபோர்டு அமைப்பின் லேஅவுட் பட்டியலிலேயே இருக்கிறது, இரண்டும் தேவையில்லை.

பங்களிக்க வரும்போது

பிழை அறிக்கையைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைப்பதுதான் முதல் தவறு. பேனல், மெனு, நீமோ கோப்பு மேலாளர், அப்டேட் மேனேஜர், டைம்ஷிஃப்ட் ஆகியவை மின்ட் குழுவினுடையவை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. வைஃபை டிரைவர், கர்னல் உபுண்டுவினுடையவை. லிப்ரெஆஃபிஸ் எழுத்தைச் சிதைத்தால் லிப்ரெஆஃபிஸிடம்தான் போக வேண்டும். பேனலில் வைத்த ஆப்லெட் (சிறு செயலி) பெரும்பாலும் வேறொருவர் எழுதியதாக இருக்கும். ஆகவே புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் பிழை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கோளாறு உங்கள் அமைப்பிலோ நீங்கள் சேர்த்த ஆப்லெட்டிலோ இருக்கிறது.

‘சின்னமன் தொங்குகிறது, சரிசெய்யவும்’ என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் கருவியில் (மின்ட் 22.3 முதல் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’) கணினி விவரம் முழுவதையும் ஒரே பொத்தானில் நகலெடுக்கலாம். அதோடு எந்த வரிசையில் எதைச் செய்தால் பிழை வருகிறது, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரு அறிக்கைக்கு ஒரு பிழை. லாக் கோப்பை ஒட்டும் முன் அதில் உங்கள் பயனர் பெயரும் வைஃபை பெயரும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். நிரல் திருத்தம் அனுப்புகிறவர் ஒரு வரியைச் சரிசெய்துவிட்டு, எடிட்டர் முழுக் கோப்பின் இடைவெளிகளையும் மாற்றியிருப்பதைக் கவனிக்காமல் அனுப்பினால், பார்ப்பவருக்கு 400 வரி மாற்றமாகத்தான் தெரியும்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் அதிகம் உதவக்கூடிய இடம் மொழிபெயர்ப்பு. மின்ட்டின் சொந்தக் கருவிகளுக்கு அது லாஞ்ச்பேட் என்ற இணையதளத்தில் நடக்கிறது. மொழிக்கோப்பைக் கிட்ஹப்பில் அனுப்புவது வீண். ஆப்லெட்கள், தீம்கள் போன்ற ஸ்பைசஸுக்கு மட்டும் கிட்ஹப்.

இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டினால் ‘லாக்’ (பதிவேடு) மரக்கட்டையாகவும் ‘மவுன்ட்’ (டிஸ்கை இணைப்பது) மலையாகவும் வந்து நிற்கும். ‘ஓபன்’ என்ற ஒரே சொல் ஓரிடத்தில் ‘திற’, இன்னோரிடத்தில் ‘திறந்துள்ளது’. அருகே காட்டப்படும் மூலக்கோப்புப் பெயரைப் பார்த்தால்தான் அது பொத்தானா நிலைத்தகவலா என்று புரியும்.

அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று. ‘10-ல் 3’ என்பதை ஆங்கிலம் ‘3 ஆஃப் 10’ என்று சொல்லும். நிரலில் அந்த எண்களுக்குப் பதிலாகச் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் நிற்கும். முதல் குறியில் 3 வந்து விழும், இரண்டாவதில் 10. தமிழில் ‘முதல் குறி-இல் இரண்டாம் குறி’ என்று இயல்பாக எழுதிவிட்டால் திரையில் ‘3-இல் 10’ என்று வரும். சி மொழி நிரல் என்றால் %2$, %1$ என்று வரிசை எண் செருகி இடம் மாற்றலாம். மின்ட் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதியவை. பெயரிடாத குறிகளில் அங்கே இந்த வித்தை செல்லாது, நிரலே பிழை கொடுத்து நின்றுவிடும். அப்போது வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும்: ‘3 முடிந்தது, மொத்தம் 10’. வரிசை அப்படியே இருக்கிறது, தமிழும் கெடவில்லை.

மெனுச் சொற்களில் எழுத்துக்கு முன் வரும் அடிக்கோடு குறுக்குவிசைக்கானது. அதைத் தமிழ் எழுத்தின் நடுவில், உதாரணமாகக் கொம்புக்கும் மெய்க்கும் இடையில் செருகினால் எழுத்து உடையும்.

மொழிபெயர்ப்புகளை மின்ட் குழு வெளியீட்டுக்கு முன் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு செய்தது அடுத்த சுற்றில்தான் சேரும். புதிய பதிப்பு வந்ததும் மொழியைத் தமிழுக்கு மாற்றி, லாக் அவுட் செய்து உள்ளே வந்து, அப்டேட் மேனேஜரின் ஒவ்வொரு பொத்தானையும் கண்ணால் பாருங்கள். பட்டியலில் அழகாக இருந்த ‘புதுப்பிப்புகளை நிறுவுக’ பொத்தானில் பாதியோடு நறுக்கப்பட்டிருந்தால், அங்கே ‘நிறுவு’ போதும்.