ஸ்கேனில் பிள்ளையின் விரையைச் சுற்றி நீர் என்று சொன்னால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஏழாம் மாத ஸ்கேன் முடிந்ததும் என் தங்கை போனில் அழுதாள். "விரைப்பையில் நீர் இருக்காம்க்கா, நான் அன்னைக்குத் தண்ணி வாளி தூக்கினதாலயா?" இல்லவே இல்லை. கடைசி மூன்று மாதங்களில் ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றிலிருந்து கீழே இறங்கும்போது வயிற்றின் உள்ளுறையும் ஒரு குழாய் போலக் கூடவே வரும், அந்த வழி மூடத் தாமதமானால் வயிற்று நீர் கசிந்து விரையைச் சுற்றித் தங்கிவிடும். இதைத்தான் ஹைட்ரோசில் என்கிறார்கள், நம் பாட்டிமார் ஓதம் என்பார்கள்.

ஸ்கேன் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வயிறு, நெஞ்சு, தோலுக்கடியில் வேறெங்காவது நீர் இருக்கிறதா? இரண்டு விரையும் ஒழுங்காகத் தெரிகிறதா? பையில் இருப்பது நீர் மட்டும்தானா, குடலும் இறங்கியிருக்கிறதா? வேறெங்கும் நீர் இல்லை, விரைகள் நன்றாக இருக்கின்றன என்றால் பெரும்பாலும் காத்திருப்பதுதான் வைத்தியம்.

பிறந்தவுடன் குழந்தை டாக்டர் பார்க்கட்டும். பிறக்கும்போதே விரை கல் போலக் கெட்டியாகவோ கருநீலமாகவோ இருந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே சொல்லுங்கள். அப்புறம் 6, 10, 14 வார ஊசிக்குக் கிளினிக் போகும்போதெல்லாம் நாப்பியைக் கழற்றிக் காட்டி, ரோட் டு ஹெல்த் (குழந்தையின் ஊசி, வளர்ச்சி விவரங்களைக் குறிக்கும்) புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சாயங்காலம் பெருத்துக் காலையில் சுருங்கினால் அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள், அதையும் சொல்லுங்கள்.

குளிப்பாட்டும்போது நீரை அழுத்தி எடுக்கிறேன் என்று யாராவது கை வைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எண்ணெய் ஒத்தடம், இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பாக ஒளி தெரிகிறது, வெறும் நீர்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், பச்சைக் குழந்தையின் குடலிலும் வெளிச்சம் ஊடுருவும்.

தொடையிடுக்கில் கெட்டியான புடைப்பு, தொட்டால் வீறிட்டு அழுகை, வாந்தி, தோல் சிவப்பது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், குடல் சிக்கியிருக்கலாம்.

பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாக வற்றிவிடும். ஒன்று, இரண்டு வயது தாண்டியும் நின்றால் தொடையிடுக்கில் சின்ன ஆபரேஷன் செய்து வழியை அடைப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் வைத்தியம் இலவசம், அதனால் செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.