வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த வலைப்பதிவு தொடங்குவது எப்படி?

நாடு மாறி வந்த முதல் மூன்று வருடங்கள் நான் எழுதியதெல்லாம் ஒரே ஒரு சமூக ஊடகக் கணக்கில்தான் இருந்தது. ஒரு நாள் புது போன் வாங்கி, அதில் உள்நுழையப் பார்த்தேன். பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. கூடவே அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. கிளம்பி வரும்போது கையில் இருந்த சிம் அது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எப்போதோ செயலிழந்து போயிருந்தது. படிவம் படிவமாக நிரப்பி அனுப்பினேன். கணக்கு திரும்பி வரவே இல்லை.

முதல் பனியைப் பார்த்த நாள், மருத்துவரிடம் வலியை வேறு மொழியில் சொல்லத் தெரியாமல் கையைக் காட்டிய நாள் என்று அதில் இருந்தவையெல்லாம் இனி நினைவிலிருந்து மட்டுமே எழுதக்கூடியவை. இப்போது எழுதினாலும் அதே போல் வராது. புதிதாக வந்தவரின் கண் ஓராண்டில் பழகிவிடும்.

அதனால் இந்த விளக்கத்தில் நான் சொல்லப்போகும் முறை இதுதான்: எழுத்து முதலில் உங்கள் வலைப்பதிவில் ஏறட்டும். சமூக ஊடகத்துக்கு அதன் சுட்டி (லிங்க்) போகட்டும்.

படி 1: எதை எழுதுவது

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். போனில் குறிப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, வந்ததிலிருந்து உங்களைத் திகைக்க வைத்த பத்து விஷயங்களை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் புரியாத ஒரு வரி, அலுவலகத்தில் மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்கியது, ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஆளே இல்லாதது என்று எதுவாகவும் இருக்கலாம். இந்தப் பத்தும் பத்துப் பதிவுகள். 'என் வெளிநாட்டு வாழ்க்கை' என்று மொத்தமாக எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிடும்.

படி 2: இடம் பிடிப்பது

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பிளாகர் அல்லது வேர்ட்பிரஸ்.காம். இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம். பிளாகர் 1999-இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. வேர்ட்பிரஸ்.காமுக்கு அடிப்படையான வேர்ட்பிரஸ் மென்பொருள் வெளிவந்ததும் அதே 2003-இல்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதன் பிறகு, ஒரு காலத்தில் பலர் எழுதிவந்த தளங்களான ஜியோசிட்டீஸ் 2009-இலும், ஆர்குட் 2014 செப்டம்பரிலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. இத்தனை காலம் தாக்குப்பிடித்த இடத்தில் தொடங்குவது நல்லது. நாளைக்கே மூடினாலும் எழுத்தை அள்ளிக்கொண்டு வெளியே வர வழி இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். இந்த இரண்டிலும் இருக்கிறது. அதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

எனக்குப் பிளாகர் பிடிக்கும். காரணம், சொந்த டொமைன் (உங்களுக்கென்றே ஒரு இணைய முகவரிப் பெயர்) வாங்கினால் அதை இணைக்கப் பிளாகர் தனிக்கட்டணம் கேட்பதில்லை. வேர்ட்பிரஸ்.காமில் அதற்குக் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். ஆனால் முதல் ஐந்து பதிவுகள் எழுதும் வரை டொமைன் பற்றியே யோசிக்காதீர்கள். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆண்டுப் புதுப்பிப்புக்கு எந்த வங்கி அட்டையைக் கொடுக்கிறீர்கள்? அடுத்த வருடம் வேறு நாட்டுக்கு மாறி, அந்த வங்கிக் கணக்கை மூடிவிட்டால் புதுப்பிப்பு நின்றுவிடும். காலாவதியான பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: சாவி உங்களிடம் இருக்கட்டும்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நாடு மாறுகிறவர்களுக்கு ஆபத்து இருப்பது போன் எண்ணில்தான்.

இரட்டைப் பாதுகாப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி, கட்டாயம் வையுங்கள். ஆனால் குறுஞ்செய்தி ஓடிபியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற ஒரு செயலியைப் போனில் நிறுவி, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் காட்டும் கியூஆர் குறியீட்டை அதில் ஸ்கேன் செய்யுங்கள். செயலி 30 விநாடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டும். இதற்கு சிம் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். விமானத்துக்குள் இருந்தாலும் எண் வரும், ஏனென்றால் அந்த எண்ணைக் கணக்கிடுவது முழுக்க உங்கள் போனுக்குள்ளேயே நேரத்தை வைத்து நடக்கிறது.

சரி, அந்தப் போனே தொலைந்தால்? அதற்குத்தான் காப்புக் குறியீடுகள். கூகுள் கணக்கில் ஒரே நேரத்தில் பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். நான் அவற்றைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும் என் கூடவே வருகிற பொருள் அது ஒன்றுதான்.

அப்புறம், கணக்குக்குள் போக முடியாதபோது உதவும் மீட்பு மின்னஞ்சல். அலுவலக மின்னஞ்சலையோ கல்லூரி மின்னஞ்சலையோ கொடுக்காதீர்கள். வேலை மாறினாலோ படிப்பு முடிந்தாலோ அதுவும் போய்விடும்.

ஊர் எண்ணை விடும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, அந்த எண்ணில் பதிந்திருக்கும் ஒவ்வொரு கணக்கிலும் எண்ணை மாற்றுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

படி 4: தமிழில் தட்டச்சு

போனில் ஜிபோர்டு அல்லது செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி போதும். ஆப்பிள் கருவிகளில் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகைகளும் ஏற்கெனவே இருக்கின்றன, அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் போதும். உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு அஞ்சல் எளிது. நிறைய எழுதப் போகிறவர்கள் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால், கைகள் மாறி மாறி ஓடும். இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு கை தானாகப் போகும்.

படி 5: முதல் பதிவு, அதன் முகவரி

எழுத உட்காரும் முன் அமைப்புகளில் நேர மண்டலத்தைப் பாருங்கள். நீங்கள் இருக்கும் நாட்டு நேரம் தானாக வந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தவறாக இருந்தால், இன்று காலை எழுதிய பதிவில் நேற்றைய தேதி விழலாம். திட்டமிட்டு வைத்த பதிவும் நினைக்காத நேரத்தில் வெளியாகும்.

அடுத்தது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். தமிழ்த் தலைப்பை மட்டும் கொடுத்து பிளாகரில் வெளியிட்டால், தலைப்பில் உள்ள தமிழை அது முகவரியில் சேர்க்காது. எல்லாப் பதிவுக்கும் 'பிளாக்-போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரே பெயரை வைத்து, பின்னால் ஏதாவது எண்ணை ஒட்டிவிடும். ஒரு வருடம் கழித்து எந்தச் சுட்டி எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது.

வேர்ட்பிரஸில் சிக்கல் வேறு விதம். தமிழை அது முகவரிக்குள் ஏற்றுக்கொள்ளும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது திரை நிறையச் சதவீதக் குறிகளாக நீளும். 'தமிழ்' என்ற சொல்லையே பாருங்கள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அதற்கு ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினியின் சிறு சேமிப்பு அலகு) எடுக்கும். முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக, மூன்று இடம் பிடிக்கும். ஐந்து, மூன்று, மூன்று பெருக்கினால் 45. மூன்றெழுத்துச் சொல்லுக்கு 45 எழுத்து! வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கும் இடம் மொத்தம் 200 என்பதால், நீளமான தமிழ்த் தலைப்பு பாதியிலேயே அறுந்துபோகும்.

தீர்வு எளிது. வெளியிடும் முன், 'நிரந்தர இணைப்பு' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களை நீங்களே கொடுங்கள், இடையில் சிறுகோடு போட்டு. முன்கூட்டியே செய்வது முக்கியம். வெளியிட்ட பிறகு முகவரியை மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த சுட்டிகள் வேலை செய்யாமல் போகலாம்.

பதிவின் நீளம்? முதல் பதிவுக்கு 400 சொற்கள் தாராளம். ஒரே ஒரு சம்பவம், அது நடந்த இடம், அப்போது யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான்.

படி 6: படங்கள்

போனில் எடுக்கும் படத்துக்குள், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். உங்கள் ஜன்னலிலிருந்து எடுத்த மழைப் படம் உங்கள் வீட்டு முகவரியையே காட்டிக் கொடுக்கும். கேமரா அமைப்புகளில் இருப்பிட அனுமதியை நிறுத்திவிடுங்கள். பயணப் பதிவுகளைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

அடுத்தவர் முகம் தெரியும் படங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மனியில் ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1907-இலிருந்தே இருக்கிறது, சில விலக்குகளோடு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டம், அனுமதியில்லாமல் ஒருவரைப் படமெடுத்து அவர் அந்தரங்கத்தில் தலையிடுவதைக் குற்றமாகவே பார்க்கிறது. நாம் அழகாக இருக்கிறது என்று எடுத்த சந்தைப் படத்தில் யாரோ ஒருவர் குழந்தையோடு நின்றிருப்பார். எனக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, காட்சியைச் சொல்லில் எழுதிவிடுவேன். பெரும்பாலும் அதுவே நன்றாக வந்திருக்கிறது.

படி 7: விசாவும் வேலையும்

நீங்கள் எழுதுவதை அதிகாரிகளும் படிக்கலாம் என்ற நினைப்போடு எழுதுங்கள். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களை 2019-லிருந்து கேட்கிறார்கள். 2025 ஜூனில், மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பயப்படச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் மீது வந்த கோபத்தை அந்த நிமிடத்திலேயே வெளியிடாமல், வரைவில் ஓர் இரவு தூங்க வையுங்கள். காலையிலும் அதே வாக்கியம் சரி என்று பட்டால் போடுங்கள்.

வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர், உள் விவகாரம், சக ஊழியர்களை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் வேண்டாம்.

பணம் பற்றி: கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத்தில் தமிழும் 2018-இல் சேர்ந்துவிட்டது. ஆனால் மாணவர் விசாவிலோ, ஒரே முதலாளிக்கு மட்டும் வேலை செய்ய அனுமதிக்கும் விசாவிலோ இருப்பவர்கள், விளம்பர வருமானத்தை அந்த நாடு வேலையாகக் கருதுமா என்று விசாரித்துத் தெளிவாகும் வரை விளம்பரப் பொத்தானைத் தொடாதீர்கள். சில நூறு ரூபாய் வருமானத்துக்காக விசாவைப் பணயம் வைக்கக் கூடாது.

படி 8: சமூக ஊடகத்தில் பகிர்வது

முழுப் பதிவையும் முகநூலில் ஒட்டிவிட்டால், வலைப்பதிவுக்கு வர யாருக்கும் காரணம் இருக்காது. மிக நன்றாக வந்திருக்கும் ஒரு பத்தியை மட்டும் கொடுத்து, கீழே சுட்டியைப் போடுங்கள். முதல் பத்தியைத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

பதிவில் ஒரு படமாவது இருக்கட்டும். சுட்டியை ஒட்டும்போது முன்னோட்டமாக அதுதான் வரும். 1200-க்கு 630 பிக்சல் அளவு பொருத்தமாக இருக்கும். தலைப்பில் எழுத்துப்பிழையைத் திருத்திய பிறகும் முகநூல் பழைய தலைப்பையே காட்டினால், சுட்டியின் முன்னோட்டத்தைப் புதுப்பிக்க உதவும் அதன் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் சுட்டியைக் கொடுத்து மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் சுட்டியை யாரும் தட்டித் திறக்க முடியாது. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராகப் போடுங்கள். வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல்தான் நல்லது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். எண் மாறியதும் அத்தை மாமாவுக்கெல்லாம் பதிவு போகாமல் நின்றுவிடுவது இதனால்தான். புது எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

நல்ல பின்னூட்டங்கள் வலைப்பதிவின் கீழே வராது, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வரும். 'அந்தப் படிவத்தை இப்போது இணையத்திலேயே நிரப்பலாம்' என்று யாராவது சொன்னால், அவரிடம் கேட்டுவிட்டு, பதிவின் அடியில் தேதியோடு சேர்த்துவிடுங்கள். ஊடகத்தில் அது மறுநாளே கீழே போய்விடும். உங்கள் பதிவில் இருந்தால், இரண்டு வருடம் கழித்து அதே படிவத்தோடு திணறும் இன்னொருவர் கூகுளில் தேடி வந்து படிப்பார்.

படி 9: பிரதி எடுப்பது

வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியில் 'ஏற்றுமதி' இருக்கிறது. பிளாகரில் அமைப்புகளில் காப்புப் பிரதி எடுக்கும் வசதி உண்டு, கூகுளில் உள்ள நம் தரவுகளைப் பதிவிறக்கும் கூகுள் டேக்அவுட் வழியாகவும் எடுக்கலாம். இந்த ஏற்றுமதிக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் வரும். படங்கள் வராமல், அவை இருக்கும் முகவரி மட்டுமே வரலாம். எனவே பதிவில் ஏற்றிய படங்களை மாதவாரியாகத் தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள்.

நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு போன் நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்து எடுக்கிறேன். ஒரு பிரதி மடிக்கணினியில், ஒன்று பென் டிரைவில். எடுத்ததும் கோப்பைத் திறந்து, கடைசியாக எழுதிய பதிவின் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். அந்த வரி கண்ணில் பட்ட பிறகு மடிக்கணினியை மூடுங்கள்.