பாபநாசம் எத்தனை? அரசு அமைப்புகளுக்குத் தரவுச் சொல்தொகுதி தேர்ந்தெடுப்பது

டெல்டா மாவட்டங்களின் அரசு அமைப்புகளையும் பொறுப்பில் இருப்பவர்களையும் தரவாக்குமுன், கையிலுள்ள சொல்தொகுதியை, அதாவது எந்தத் தகவலை எந்தப் பெயருள்ள கட்டத்தில் இடுவது என்று வகுக்கும் பட்டியலை, ஒரு கிராம ஊராட்சியில் போட்டுப் பாருங்கள். 2019 டிசம்பர் தேர்தலில் வந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் அரசு அதிகாரி ஒருவர் தனி அலுவலராகப் பொறுப்பேற்றார். ‘தலைவர் பெயர்’ என்று ஒற்றைக் கட்டம் வைத்த அட்டவணை இங்கேயே கவிழும். அதிகாரியின் பெயரை எழுதினால் அவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஆகிவிடுவார். காலியாக விட்டால் ஊராட்சிக்கு யாருமே பொறுப்பில்லை என்றாகும்.

ஆள், அமைப்பு, பதவி, பதவியில் இருந்த காலம் என நான்கையும் பிரித்து வைக்கும் சொல்தொகுதிதான் வேண்டும். அரசு அமைப்புகளுக்கென்றே உள்ள திறந்த சொல்தொகுதியான பாப்போலோவில் இவை பெர்சன், ஆர்கனைசேஷன், போஸ்ட், மெம்பர்ஷிப். ஆள் இல்லாவிட்டாலும் போஸ்ட் நிற்கும். ஒருவர் கூடுதல் பொறுப்பு பார்த்தால் அதே ஆளுக்கு இரண்டு மெம்பர்ஷிப். தொடக்க, முடிவு நாள்கள் மெம்பர்ஷிப்பில்தான் வரவேண்டும், ஆளின் பதிவில் அல்ல.

ஜேசன் என்ற எளிய தரவுக் கோப்பு போதுமென்றால் பாப்போலோ. இணையத் தரவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆர்டிஎஃப் வடிவில் பிற தரவுகளோடு சேர்க்கவேண்டுமென்றால், இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2014-ல் பரிந்துரைத்த ஆர்க் ஆன்டாலஜி என்ற சொல்தொகுதி; கும்பகோணம் நகராட்சி 2021-ல் மாநகராட்சியானதைப் போன்ற மாற்றங்களுக்கு அதில் ‘சேஞ்ச் ஈவன்ட்’ என்றே ஒரு வகை உண்டு. இணையப் பக்கங்களுக்கான சொல்தொகுதியான ஸ்கீமா.ஆர்க் தேடுபொறிக்குப் பக்கத்தைப் புரியவைக்க நல்லது; பதவி வரலாற்றுக்கு அதை மட்டும் நம்பவேண்டாம்.

அதிகம் சறுக்குவது இடப்பெயரில். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் ஒரு வட்டம், ஒரு ஊராட்சி ஒன்றியம், ஒரு பேரூராட்சி, ஒரு சட்டமன்றத் தொகுதி. வட்டமும் தொகுதியும் நிலப்பரப்பு, அதாவது பாப்போலோவின் ‘ஏரியா’. வட்டாட்சியர் அலுவலகம்தான் அமைப்பு. பெயரை வைத்துப் பொருத்தினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். உள்ளாட்சி அமைப்புகளுக்கு மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி (உள்ளாட்சி அமைப்புகளின் அடைவு) குறியீட்டை அடையாளமாகச் சேர்த்துவிடுங்கள்.

பெயருக்கு முன் வரும் முதலெழுத்தை (இனிஷியல்) குடும்பப் பெயர்க் கட்டத்தில் திணிக்காதீர்கள். அது தந்தை பெயரின் எழுத்தாக இருந்து, தந்தையின் முழுப்பெயரும் தெரிந்தால், அதற்குப் பாப்போலோவில் ‘பேட்ரானிமிக் நேம்’ (தந்தைவழிப் பெயர்) என்ற கட்டம் இருக்கிறது. தெரியாவிட்டால், அவரது பெயரை முதலெழுத்தோடு முழுப்பெயர்க் கட்டத்தில், அரசாணையில் உள்ளபடி எழுதுங்கள்.

தேதியில் அறிவிப்பு வேறு, நடைமுறை வேறு. மயிலாடுதுறை மாவட்டம் 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு டிசம்பரில் செயல்படத் தொடங்கியது; எதைத் தொடக்க நாளாக எடுக்கிறீர்கள் என்பதை ஒருமுறை முடிவுசெய்து எல்லாவற்றுக்கும் அதையே பின்பற்றுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் 2021 என்றே விடலாம், பாப்போலோ ஏற்கும். கட்டம் நிரம்பவேண்டுமே என்று ஜனவரி 1 போட்டால், அன்றைக்குத்தான் பொறுப்பேற்றார் என்று அடுத்து வருபவர் கணக்குப் போடுவார்.